காண்பதும் கலப்பதும்

(கொல்கத்தாத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் நம் பிள்ளைகள் ஆடுவதையும் பாடுவதையும் கண்டு நாம் மகிழ்கிறோம். இன்று அப்பிள்ளைகள் மேடையை விட்டு இறங்கிய பின் எங்கே செல்கிறார்கள், எதைக் காண்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கல்விச் சுற்றுலா என்றும் மாணவர் பரிமாற்றம் என்றும் இரு சொற்களைப் பள்ளிகளில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் அவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. சுற்றுலா என்பது காண்பது. பரிமாற்றம் என்பது கலப்பது. காண்பதற்கு ஒரு நாள் போதும். கலப்பதற்கு ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டில் ஒரு தாயின் கையால் உண்ணும் சோறு வேண்டும். பிற மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதே இன்று நாம் கூற விரும்புவது.

முதலில் காண்பதைப் பற்றிப் பேசுவோம். அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இந்நகரிலேயே இருக்கிறது.

1873-ஆம் ஆண்டில் ஜோராசாங்கோ தாகூர் இல்லத்தில் ஒரு சிறுவனுக்கு உபநயனம் நடந்தது. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை. மழித்த தலையோடு பள்ளிக்குச் சென்றால் பிள்ளைகள் நகைப்பார்களே என்று அவன் கலங்கியிருந்த வேளையில், தந்தையார் தேவேந்திரநாதர் அவனைத் தம்மோடு இமயமலைக்கு அழைத்துச் சென்றார். போல்பூரில் சில நாள், அமிர்தசரசில் சில நாள், பிறகு டல்ஹௌசி மலை. தந்தையார் செலவுப் பணத்தைச் சிறுவன் கையில் கொடுத்துக் கணக்குக் கேட்டார். தம்முடைய பொற்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் அவனிடமே ஒப்புவித்தார். சிறுவன் மிகுந்த ஆர்வத்தோடு சாவி கொடுத்ததில், அக்கடிகாரம் பழுது பார்ப்பதற்காகக் கல்கத்தாவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று! மலையில் இருள் சூழ்ந்ததும் தந்தையார் விண்மீன்களைச் சுட்டிக்காட்டி அவற்றின் இயல்பை விளக்கினார்.

அச்சிறுவனே பின்னாளில் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் ஆனார். தம் எழுபத்தாறாம் வயதில், 1937-இல், வங்காள மொழியில் 'விசுவ பரிசய்' என்னும் அறிவியல் நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில் டல்ஹௌசி மலையில் தந்தையார் காட்டிய விண்மீன்களை நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒரு பயணத்தில் விழுந்த வித்து அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் பயன் தந்தது! அப்பயணத்தில் இருந்தவை யாவை? அவசரமில்லாத பொழுது, பிள்ளையின் கையில் ஒரு பொறுப்பு, வினாவுக்கு விடை கூற ஒரு பெரியவர். இம்மூன்றுமே போதுமானவையாக இருந்தன. 1901-இல் அதே போல்பூரில் அவர் பள்ளி தொடங்கியபோது மரநிழலையே வகுப்பறையாக்கியதில் வியப்பில்லை.

இன்னொருவரையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். 1898-இல் பாக்பஜாரில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியவர் நிவேதிதா தேவியார். வீட்டு வாயிலைத் தாண்டுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், தம் மாணவியரைப் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று காட்டினார். 1904-இல் அவரும் ஜகதீச சந்திர போசும் தாகூரும் வரலாற்றறிஞர் யதுநாத சர்க்காரும் பிற நண்பர்களும் கூடிப் புத்தகயைக்குச் சென்றனர். கற்றறிந்தவர்களும் காணச் சென்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பாரதியார் வங்கத்துக்கு வந்து சந்தித்துத் தம் குருமணியாகக் கொண்டவரும், 1908-இல் வெளிவந்த தம் 'ஸ்வதேச கீதங்க'ளைக் காணிக்கையாக்கியதும் இவ்வம்மையாருக்கே அன்றோ? ஒரு தமிழ்க் கவிஞரின் வங்கப் பயணத்தால் தமிழ்நாடே பயன் பெற்றது.

இத்தகைய நகரில் வாழும் நம் பிள்ளைகள் இன்று எவ்வாறு சுற்றுலா செல்கிறார்கள்? காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்படுகிறது. ஒரே நாளில் ஐந்து இடங்கள். ஓரிடத்தில் வரிசை, மற்றோரிடத்தில் படம் எடுத்தல், வேறோரிடத்தில் சிற்றுண்டி. மாலையில் களைப்போடு திரும்பும் பிள்ளையிடம் "என்ன கண்டாய்?" என்று கேட்டால், "பேருந்தில் நன்றாகப் பாடினோம்" என்று விடை வருகிறது. பாடுவது நல்லதே. ஆயினும் அதற்கு ஐந்து இடங்கள் தேவையில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஓடும் பேருந்தின் சாளரத்தில் கண்ட சுரைக்காயும் கறிக்கு உதவாது.

சௌரங்கியில் உள்ள இந்தியப் பொருட்காட்சிசாலையை எடுத்துக்கொள்வோம். 1814-இல் வங்க ஆசியக் கழகத்தாரால் தொடங்கப்பட்ட இது, இந்நாட்டின் மிகப் பழைய பொருட்காட்சிசாலை. வங்காளப் பொதுமக்கள் இதனை 'ஜாதுகர்', அதாவது மாய வீடு என்று அழைக்கிறார்கள். 1851-இல் தோன்றிய சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையை அந்நகரத்துப் பழைய மக்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். உயிர்க்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றார்கள். பெயர் வேடிக்கையாக இருப்பினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. எழுத்தறியாத மக்களும் அங்கே சென்று கற்றார்கள். ஆகவே அதைக் கல்லூரி என்றே கருதினார்கள்.

இம்மாய வீட்டை ஒரே நாளில் முழுவதும் காண முயல்வது வீண். பார்ஹுத் கல்வேலி இருக்கும் கூடம் ஒன்றையே ஒரு முற்பகல் முழுவதும் பார்க்கலாம். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லில் கதைகளும், கதைகளின் பெயர்களும், பொருளுதவி செய்தவர்களின் பெயர்களும் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. வகுப்பில் இரண்டு வாரம் முன்னதாகப் பிராமி எழுத்துகளில் பத்தைக் கற்பித்துவிட்டு, பிறகு பிள்ளைகளை அக்கல்லின் முன் நிறுத்துங்கள். தாமே ஓர் எழுத்தைக் கண்டுபிடித்த பிள்ளை அந்நாளை மறக்குமா? அதே பிள்ளை மதுரைக்கு அருகே கீழடியில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்றால், பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் பார்த்து, "இந்த எழுத்தை நான் கல்கத்தாவில் பார்த்திருக்கிறேனே!" என்று கூவும். அதுவே கல்வி.

அறிவியலுக்கு வருவோம். குருசதய் சாலையில் உள்ள பிர்லாத் தொழில்நுட்பப் பொருட்காட்சிசாலை 1959-இல் திறக்கப்பட்டது. 1965-இல் அதனை நடத்துவோர் காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றி ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நகருக்கு வர இயலாத பிள்ளைகளை நாடி நகரமே சென்றது. சுற்றுலாச் செலவுக்கு வழியில்லாத பிள்ளைகளைப் பற்றி எண்ணும்போது இச்செயலை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்நகரில் தமிழர் பெருமைக்கும் சான்றுகள் உண்டு. 1907-இல் அரசாங்கக் கணக்குத் துறை அலுவலராக இங்கே வந்த சி. வி. இராமன், பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்தார். 1928 பிப்ரவரி 28-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவு அவருக்கு 1930-இல் நோபல் பரிசைத் தந்தது. அவ்வாராய்ச்சியில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். அவர்களுக்கு இடம் கொடுத்த கழகமோ மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876-இல் நிறுவியது. தமிழ் மூளையும் வங்க மனமும் ஒரு கூரையின்கீழ் கூடியதன் பயன் அது. பெல்வெடியர் மாளிகையில் 1953-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தின் தலைமையை விடுதலை இந்தியாவில் முதலில் ஏற்றவரும் பி. எஸ். கேசவன் என்னும் தென்னாட்டவரே. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்நூலகத்தின் வாயிலைக் கண்டிருப்பார்கள்? வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணமும் கல்விச் சுற்றுலாவாகும்.

இனி, கலப்பதைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவிலும் கடையிலும் வங்காளமும் இந்தியும். இங்கே அவர்கள் 'மதராசி'. அங்கே சென்றால் 'கல்கத்தாப் பிள்ளை'. தமிழ்நாடு என்றால் அவர்கள் அறிந்தது ஒரு திருமண மண்டபம், ஒரு குலதெய்வக் கோயில், பாட்டியின் வீட்டுத் திண்ணை. தாத்தா பாட்டி இருக்கும் வரையில் ஆண்டுக்கொரு முறை செல்கிறோம். அவர்கள் மறைந்த பின்போ அத்திண்ணையும் விற்கப்படுகிறது. பயணமும் அத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளை தமிழில் பேசும். ஆனால் படிக்கத் தயங்கும். நான்காம் தலைமுறைக்குத் தமிழ் ஒரு வேற்று மொழியாகிவிடுமோ என்னும் அச்சம் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இந்த அச்சத்தைத் தீர்க்கச் சொற்பொழிவுகள் போதா. அங்கே ஒரு நண்பன் வேண்டும். ஒரு தோழி வேண்டும். உறவு மறைந்தாலும் நட்பு பயணத்தை நடத்தும்.

அரசினரும் பரிமாற்றத்தின் அருமையை உணர்ந்தேயிருக்கிறார்கள். 1985–86-இல் தொடங்கிய நவோதய வித்தியாலயங்களில், ஒன்பதாம் வகுப்பு மாணவரில் நூற்றுக்கு 30 பேர் ஓராண்டுக் காலம் வேறு மொழி வழங்கும் மாநிலத்துப் பள்ளிக்குச் சென்று தங்கிப் பயிலும் முறை உண்டு. 2015 அக்டோபர் 31-இல் அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' என்னும் திட்டத்தில் மாநிலங்கள் இணை இணையாகச் சேர்க்கப்பட்டன. அதில் தமிழ்நாட்டுக்கு இணையாக அமைந்தது ஜம்மு காஷ்மீர். அதுவும் நன்றே. ஆனால் தமிழ்நாட்டையும் வங்கத்தையும் இணைக்கும் பணிக்கு நம்மை விடத் தகுதியுடையவர் யார்? இரு மொழியும் நம் வீட்டில் உள்ளன. வெண்பொங்கலும் நமக்குத் தெரியும். கிச்சுடியும் நமக்குத் தெரியும்.

தமிழகத்துக்கும் வங்கத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. ஏறத்தாழ 1023-இல் இராசேந்திர சோழனின் படை கங்கைக் கரை வரை வந்தது. திருமலைக் கல்வெட்டில் வங்காள தேசத்தின் பெயர் காணப்படுகிறது. அவ்வெற்றியின் நினைவாக எழுந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004 முதல் யூனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று. கடலூர் மாவட்டம் மேலக்கடம்பூர்க் கோயிலில், காளையின்மீது பத்துக் கரங்களோடு ஆடும் சிவபெருமானின் செப்புத் திருமேனி ஒன்று உள்ளது. அது வங்காளத்துப் பாலர் காலத்துப் பாணியில் அமைந்தது. தமிழ்க் கோயிலில் ஒரு வங்கத் திருமேனி! நம் பிள்ளைகள் அதனைக் கண்டால், இங்கே தாம் நாளும் காணும் கலை அங்கே பூசை பெறுவதை உணர்வார்கள். முன்பு படை சென்ற வழியில் இனிப் பிள்ளைகள் செல்லட்டும்.

பிள்ளைகள் சென்றால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. தென்னாட்டிலிருந்து சாவித்திரி கோவிந்தன் என்னும் இளம் மாணவி சாந்திநிகேதனத்துக்குப் பயிலச் சென்றார். அவர் பாடிய முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனையைக் கேட்டு மகிழ்ந்த தாகூர், அதே மெட்டில் வங்காளத்தில் ஒரு பாடலை இயற்றினார். அம்மாணவி பயில வந்தார். வந்த இடத்துக்குத் தாமும் ஒன்றைக் கொடுத்தார். கொள்வதும் கொடுப்பதும் ஒருங்கே நிகழ்வதுதான் பரிமாற்றம்.

அவ்வாறாயின் நம் சங்கம் செய்யத்தக்கது யாது? பெருந்திட்டம் வேண்டா. முதலாண்டில் ஆறு பிள்ளைகள் போதும். மூவர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து அறுவரைத் தெரிந்தெடுத்து இருவர் இருவராக இணைப்போம். ஆறு மாதம் கடிதம் எழுதட்டும். கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். தமிழ் எழுத்து தடுமாறும் நம் பிள்ளைக்கு, நண்பன் எழுதிய கடிதத்தை விடச் சிறந்த அரிச்சுவடி கிடையாது. தாமே படித்துத் தாமே மறுமொழி எழுத வேண்டும் என்னும் ஆவல் ஆசிரியரின் பிரம்பால் வராதது.

அங்குள்ள பிள்ளைகள் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் இங்கே வரட்டும். அது பெரும்பாலும் துர்க்கா பூசையை ஒட்டி வருகிறது. குமார்துலித் தெருவில் மூங்கிலும் வைக்கோலும் களிமண்ணும் தேவியாக உருப்பெறும் தொழிலை நேரில் காணட்டும். நம் பிள்ளைகள் டிசம்பர் இறுதியில் அரையாண்டு விடுமுறையின்போது அங்கே செல்லட்டும். விடுதி வேண்டா, நண்பனின் வீட்டிலேயே தங்கட்டும். விமானமும் வேண்டா. ஹௌராவிலிருந்து சென்னை வரையுள்ள ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் இரயில் வழியே ஒரு பாடப்புத்தகம். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை என ஆறுகள் ஒவ்வொன்றாக வரும். சில்கா ஏரி தோன்றும். நிலையப் பலகைகளில் வங்காள எழுத்து ஒடிய எழுத்தாகும், பிறகு தெலுங்காகும், இறுதியில் தமிழாகும். அந்தப் பலகைகளைப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு கொடுத்தால் போதும். அப்பிள்ளை கையிலேயே செலவுப் பணமும் இருக்கட்டும். தேவேந்திரநாதரைப் போல் நாமும் கணக்குக் கேட்போம்.

செலவைப் பற்றி ஒரு சொல். கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்க்கு இரயில்வேயினர் கட்டணச் சலுகை அளிக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியர் மூலம் உரிய காலத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். எஞ்சிய தொகையைச் சங்கம் ஏற்கட்டும். யாரைத் தெரிந்தெடுப்பது? மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் கூடாது. பரிசு பெற்ற பிள்ளைக்கே பயணத்தையும் பரிசாக்கினால், ஏற்கெனவே கண்டவரே மேலும் காண்பர். நம் குடியிருப்பில் சிற்றுண்டிக் கடையில் உழைப்பவரும், வீட்டு வேலைக்குச் செல்லும் சகோதரியரும் இருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும் நாளில் அவர்தம் பிள்ளைகளுக்குத் திடீரெனக் 'காய்ச்சல்' வந்துவிடுகிறது. அக்காய்ச்சல் எத்தகையது என்பது தாயும் பிள்ளையும் மட்டுமே அறிந்தது. அப்பிள்ளையின் பெயர் நம் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். உதவி பெற்றவர் யார் என்பது பொருளாளருக்கன்றி வேறெவர்க்கும் தெரியவும் கூடாது.

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. "பெண்பிள்ளையை அயலார் வீட்டுக்கு எப்படி அனுப்புவது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். ஆகையால் வீடுகளைச் சங்கத்தார் முன்னதாகச் சென்று பார்க்க வேண்டும். பெண்பிள்ளைகள் இருவர் இருவராகவே தங்க வேண்டும். ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் உடன் செல்ல வேண்டும். நாள்தோறும் மாலையில் பிள்ளை தாயோடு பேச வேண்டும். உடல்நிலைக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். ஏற்பாடு செம்மையாக இருந்தால் அச்சம் தானே அகலும். பாக்பஜார்ப் பெண்களின் தாய்மாரும் அன்று அஞ்சியவர்களே.

இறுதியாக ஒன்று. கங்கையின் மேற்குக் கரையில், சிவ்பூரில் 1787-இல் தோன்றிய தாவரவியல் தோட்டத்துப் பேராலமரத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1864-லும் 1867-லும் வீசிய புயல்களால் நைந்து, பூஞ்சை நோயும் பற்றியதால் 1925-இல் அதன் தாய்த்தண்டு அகற்றப்பட்டது. சென்னை அடையாற்றில் பிரும்மஞான சபையின் தோட்டத்து ஆலமரமும் 1989-இல் வீசிய புயற்காற்றில் தாய்த்தண்டை இழந்தது. இரண்டும் இன்றும் விழுதுகளின் வலிமையால் பரந்து நிற்கின்றன. விழுது நிலத்தைத் தொட்டதால்தான் மரம் பிழைத்தது. தொடாமல் காற்றில் ஆடிய விழுதால் பயன் இல்லை. நம் பிள்ளைகளின் கால்கள் வங்க மண்ணையும் தொட வேண்டும். தமிழ் மண்ணையும் தொட வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் நம்மைப் போன்றோர் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, சென்று வந்த அறுவரும் வந்து சென்ற அறுவரும் எழுதிய கட்டுரைகளை மலரில் வெளியிடுவோமாக. அதற்கான முதல் கடிதத்தை இந்த வாரமே ஒரு பிள்ளை எழுதட்டும்; தபால்தலைக்கான செலவு சங்கத்தினுடையதாகட்டும்.